டி-ஷர்ட் விலையைத் தீர்மானிப்பது கூலியா, சுங்கவரியா?

கடலூர் சிப்காட் அருகே 60 தையல் மெஷினோடு ஓடும் ஒரு யூனிட்டிலிருந்து வந்த கேள்வி இது: "அதே டி-ஷர்ட்டுக்கு வங்கதேசத்துக்காரர் எங்களைவிட 10, 12 சதவீதம் குறைத்து விலை சொல்லி ஐரோப்பிய ஆர்டரைக் கொண்டுபோய்விடுகிறார். அங்கே கூலி குறைவு என்பதுதான் காரணமா? கூலியில் கை வைக்காமல் நாம் போட்டியில் நிற்க முடியுமா?"

கூலியில் கை வைத்தாலும் நிற்க முடியாது. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்.

வட்டக் கழுத்து, அரைக்கை, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) காட்டன் டி-ஷர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஃப்ஓபி விலை, அதாவது நம் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை, 3 டாலர். டாலர் ₹85 என்று வைத்தால் ₹255. (இவை கணக்குக்காக எடுத்த எண்கள், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.) ஒரு டெய்லருக்கு பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ் எல்லாம் சேர்த்து மாதம் ₹15,000 செலவு. 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் நிமிடத்துக்கு ₹1.20. இந்த டி-ஷர்ட்டின் சாம், அதாவது தைக்க ஆக வேண்டிய நிர்ணய நேரம், 7 நிமிடம். லைன் எஃபிஷியன்சி (தையல் வரிசையின் வேலைத்திறன்) 50 சதவீதமாக இருந்தால் உண்மையில் ஆவது 14 நிமிடம், ₹16.80. இனி ஐரோப்பியத் துறைமுகத்துக்கு வருவோம். கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சேர்ந்து சிஐஎஃப் மதிப்பு 3.15 டாலர். ஆடைகளுக்கு அங்கே வழக்கமான சுங்கவரி 12 சதவீதம். ஒரு டி-ஷர்ட்டுக்கு 38 சென்ட், கிட்டத்தட்ட ₹32. வங்கதேசச் சரக்குக்கு அதே கவுண்டரில் வரி பூஜ்யம். அதாவது உங்கள் டெய்லர்கள் ஒரு பைசா வாங்காமல் தைத்துக் கொடுத்தாலும் அந்த ₹32-ல் பாதிதான் ஈடாகும். 10, 12 சதவீத இடைவெளி என்று நீங்கள் சொல்வது ஏறக்குறைய அந்த வரியேதான்.

எனவே கூலியைக் குறைத்து ஆர்டர் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆள் போய்விடுவார்கள், எஃபிஷியன்சி விழும், செலவு ஏறும். அதே லைனை 50-லிருந்து 70 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு பீஸுக்கு 10 நிமிடம், ₹12. மிச்சம் ₹4.80. இது கூலியை உயர்த்திக்கொண்டே செய்யக்கூடிய காரியம். துணிப் பக்கமும் இப்படித்தான். ஒரு பீஸுக்கு 220 கிராம், கிலோ ₹480 என்றால் துணிக்கு மட்டும் ₹105.60. மார்க்கர் போடுவதிலும் (துணியில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்ற வரைபடம்) கட்டிங் வேஸ்ட்டிலும் 3 சதவீதம் பிடித்தால் ₹3-க்கு மேல் நிற்கும். இரண்டும் சேர்த்தும் ₹8 தான். மீதி வெளியே இருக்கிறது, வர்த்தக விதிகளில்.

அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1974 முதல் உலக ஜவுளி வர்த்தகம் கோட்டாவில் ஓடியது. எந்த நாடு எத்தனை டஜன் சட்டை அனுப்பலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் நிர்ணயித்த பல்லிழை ஒப்பந்தக் காலம் அது. 1995-லிருந்து பத்து வருடத்தில் படிப்படியாக விலக்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 49 சதவீதத்தைக் கடைசி நாளுக்கு என்று ஒதுக்கி வைத்து, 2005 ஜனவரி 1 அன்றுதான் முழுதாக விட்டார்கள். கோட்டா போனதும் வங்கதேசம் காணாமல் போகும் என்று பலர் கணித்தார்கள். அது நடக்காததற்கு இரண்டு விதிகள் காரணம். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு, ஆயுதம் தவிர எல்லாப் பொருளுக்கும் வரியில்லை என்று 2001-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சலுகை ஒன்று. 2011-ல் அதன் மூல விதியை (பொருள் எந்த நாட்டுடையது என்று முடிவுசெய்யும் விதி) தளர்த்தி, துணி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் பரவாயில்லை, தைத்தது அங்கே என்றால் போதும் என்றது இன்னொன்று. சீனத் துணியில் டாக்காவில் தைத்த சட்டை வரியில்லாமல் போனது. இந்திய ஆடைக்கு அதே சந்தையில் வளரும் நாடுகளுக்கான பொதுச் சலுகைத் திட்டத்தில் 12-ஐ 9.6 ஆகக் குறைத்த அளவுக்குத்தான் கிடைத்த காலம் உண்டு.

2026 நவம்பர் 24 அன்று வங்கதேசம் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற வேண்டிய நாள். ஐரோப்பா அதன்பின் மேலும் மூன்று ஆண்டு சலுகையை நீட்டித்துத் தருகிறது. அதற்குப் பிறகு மூல விதி இறுகினால் அடி விழுவது நெய்த துணியில் தைக்கும் சட்டை, பேன்ட்டுக்கு. பனியன் துணியை அவர்கள் உள்ளூரிலேயே பின்னிக்கொள்கிறார்கள். உங்கள் பொருளில் அவர்கள் போட்டி சீக்கிரம் தளரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நம் ஊர் வரலாறும் இதையேதான் காட்டுகிறது. புதுச்சேரியிலிருந்து போன நீலச் சாயத் துணி, கினே என்ற பெயரில், மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் கரையில் பிசின் வாங்கப் பணம்போலவே புழங்கியது. 1898-ல் தொடங்கிய ரோடியர் மில்லும் சவானா, கெப்ளே மில்களும் வளர்ந்ததில் பிரெஞ்சுக் காலனிச் சந்தைக்குப் பெரிய பங்கு. 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்டு, மறு ஆண்டில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்தச் சட்டத்துக்குப் பிறகும் மில்கள் பல பத்தாண்டுகள் ஓடின. நியாயமான வேலை நேரம் மில்லை மூடிவிடாது. பழைய காலனிச் சந்தை கை நழுவியது, இயந்திரம் பழசானது, நஷ்டம் ஏறியது, 2011 டிசம்பரில் தானே புயல் ஏஎஃப்டி ஆலையை, அதாவது பழைய ரோடியர் மில்லை, சிதைத்தது. 2020 ஏப்ரல் 30-ல் அது முறையாக மூடப்பட்டபோது ஆலைச் சங்கின் ஓசையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் இழந்தது கொஞ்சமல்ல. "யூனியனால் கெட்டது" என்று இரண்டே சொல்லில் முடிப்பவர்கள் சந்தை, மூலதனம், புயல் மூன்றையும் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது உங்களுக்கு உடனே பயன்படுவதைச் சொல்கிறேன். எந்த நாட்டுக்கு எந்தப் பொருள் என்பதை வரி விகிதம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆடைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் "சராசரி வரி" எதற்கும் உதவாது; ஒவ்வொரு எச்எஸ் கோடுக்கும் (சுங்கத்துறை பொருள்களை வகைப்படுத்தும் எண்) விகிதம் வேறு. அமெரிக்காவில் காட்டன் பின்னல் டி-ஷர்ட்டுக்கு அடிப்படை வரி 16.5 சதவீதம்; அதே டி-ஷர்ட் பாலியஸ்டரில் என்றால் 32 சதவீதம். ஆண்கள் காட்டன் நெய்த சட்டை 19.7. டெரி டவல் 9.1. கலப்பு நூலில் எடையில் எது அதிகமோ அதை வைத்துத்தான் வகைப்படுத்துவார்கள். பருத்தி, பாலியஸ்டர் 60:40 என்று பையர் கேட்டதை மில் 48:52 ஆகக் கலந்து கொடுத்துவிட்டால் வரி இரட்டிப்பாகும். இது ஆய்வகச் சோதனையில் கண்டிப்பாக மாட்டும். நூல் வாங்கும்போதே கலப்பு விகிதச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

இந்த அடிப்படைக்கு மேல் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கின் மீது கூடுதல் வரியை 50 சதவீதம் வரை ஏற்றியதை எல்லோரும் அனுபவித்தோம். இதிலிருந்து எடுக்க வேண்டிய வழக்கம் ஒன்று. அமெரிக்க கொட்டேஷனில், அன்றைய தேதியின் வரி விகிதம் இது, ஆர்டருக்கும் ஷிப்மென்ட்டுக்கும் நடுவில் மாறினால் வித்தியாசத்தை யார் சுமப்பது என்று ஒரு வரி எழுதுங்கள். டிடிபி விலையில் (வரியும் கட்டி பையரின் இடத்தில் சேர்க்கும் விலை) ஒப்புக்கொள்ளவே வேண்டாம். அதில் சுங்கவரி முழுவதும் உங்கள் தலையில்.

பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தம், அமல் தேதியிலிருந்து இந்திய ஆடைக்கான வரியை நீக்குகிறது. வங்கதேசத்தோடு நாம் சமதளத்தில் நிற்கப்போகும் சந்தை அது. ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே முதலும், ஆஸ்திரேலியாவோடு 2022 டிசம்பர் இறுதியிலிருந்தும், ஜப்பானோடு 2011 முதலும் ஒப்பந்தம் இருக்கிறது. ஜப்பானில் தரச் சோதனை கடுமை என்று பயந்து சின்ன யூனிட்டுகள் ஒதுங்குகின்றன. ஆனால் ஆர்டர் சின்னது, விலை நிலையானது, வரி இல்லை. 60 மெஷினுக்குப் பொருத்தமான சந்தை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வரிச் சலுகை தானாக வராது. பொருள் இந்தியாவில் ஆனது என்று காட்டும் மூலச் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் இதை வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் தளத்தில் ஆன்லைனில் எடுக்கலாம். சலுகை கிடைக்காமல் போவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால்தான். இன்வாய்ஸில் ஒரு எச்எஸ் கோடு, சான்றிதழில் இன்னொன்று. இறக்குமதியாளர் பெயரில் எழுத்து வித்தியாசம். கப்பல் கிளம்பிய பின் எடுத்த சான்றிதழில் அதைக் குறிக்காமல் விட்டது. வழியில் மூன்றாம் நாட்டில் பெட்டியை மாற்றியதற்கு ஆதாரம் இல்லாதது. இவற்றை எல்லாம் விட முக்கியமானது துணியின் மூலம். துணியும் தையலும் இரண்டும் இங்கே நடந்தால்தான் இந்தியப் பொருள் என்று கேட்கும் விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. சென்னையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சீன பாலியஸ்டர் துணியை வாங்கித் தைத்தால் மீட்டருக்கு மிச்சமான பத்து ரூபாய்க்காக முழு வரிச் சலுகையும் போய்விடும். துணி பில், நூல் பில், டையிங் ஜாப் வொர்க் சலான் மூன்றையும் ஆர்டர் வாரியாக ஒரே ஃபைலில் கட்டி ஐந்து வருடம் வையுங்கள். சின்ஜியாங் பருத்தியைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 ஜூனில் அமலானபின், பஞ்சுப் பொதியின் (பேல்) எண் வரைக்கும் கேட்கிறார்கள்.

அடுத்தது பஞ்சு. 2021 பிப்ரவரியில் பருத்தி இறக்குமதிக்கு 11 சதவீத வரி வந்தது. இடையிடையே நிறுத்தி வைத்தார்கள். 2025 ஆகஸ்ட் 19-லிருந்து அந்த வருடக் கடைசி வரை விலக்கு இருந்தது. வரி இருக்கும் மாதங்களில் உள்நாட்டுப் பஞ்சும் வெளிநாட்டு விலையோடு வரியைச் சேர்த்த மட்டம் வரை ஏறிக்கொள்ள இடம் கிடைக்கிறது. கோம்ப்டு நூல் (குட்டை இழைகளைச் சீவி நீக்கி நூற்றது) ஒரு கிலோ எடுக்க 1.35 கிலோவுக்கு மேல் பஞ்சு போகும். பஞ்சில் கிலோவுக்கு ₹10 ஏறினால் நூலில் ₹13, ₹14. வங்கதேசமும் வியட்நாமும் பஞ்சை வரியில்லாமல் வாங்குகின்றன. ஏற்றுமதியாளர் அட்வான்ஸ் ஆதரைசேஷன் என்ற அனுமதி எடுத்து வரியின்றி இறக்கலாமே என்பார்கள். உண்மைதான், கன்டெய்னர் கணக்கில் பஞ்சு வாங்கும் பெரிய மில்லுக்கு. மூன்று டன் நூலை உள்ளூரில் வாங்கும் உங்களுக்கு அந்தக் கதவு திறந்தும் பயனில்லை. வரியின் பாரம் சின்னவர் மேல்தான் அதிகம் இறங்குகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செயற்கை இழையில் நிலைமை அண்மையில்தான் சீரானது. இழைக்கு 18, நூலுக்கு 12, துணிக்கு 5 சதவீதம் என்று தலைகீழாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் மூன்றுக்கும் 5 ஆனது. ரீஃபண்டுக்காகப் பணம் முடங்குவது குறைந்திருக்கிறது. உலகம் உடுத்தும் இழையில் பெரும்பகுதி செயற்கை. நம் ஏற்றுமதி இன்னும் பருத்தியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் 32 சதவீதத்தை நினைவில் வைத்துக்கொண்டு, விளையாட்டு உடைகளுக்கு பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கம் போங்கள்.

சாயத்துக்கு வருவோம். கடலூர்க்காரர்கள் இதை மற்ற ஊர்க்காரர்களைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். கறுப்பு, நேவி போன்ற அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். துணியும் தண்ணீரும் 1:8 விகிதத்தில் ஓடும் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர், 640 கிராம் உப்பு. அந்த உப்பில் எதுவும் துணியில் தங்காது. அத்தனையும் கழிவுநீரில் வெளியேறும். உயிரியல் சுத்திகரிப்பு நிறத்தையும் அழுக்கையும் குறைக்கும், உப்பை ஒன்றும் செய்யாது. உள்நாட்டு நீர்நிலையில் விட கரைந்த திடப்பொருளின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். எட்ட முடியாததால் ஆர்ஓ (சவ்வு வடிகட்டி), அதன் பிறகு ஆவியாக்கி, கடைசியில் உப்பு மூட்டை. விறகும் கரண்டும் தின்னும் வேலை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாய ஆலைகள் மூடப்பட்டபின், துளிகூட வெளியேற்றாத முறைதான் அங்கே ஓட ஒரே வழி ஆனது. போட்டி நாடுகள் பலவற்றில் இந்தச் செலவு விலையில் ஏறுவதில்லை.

கடலோரத்தில் சாயப் பூங்கா வைத்தால் உப்புப் பிரச்சினை தீரும் என்ற எண்ணம் கடலூர் அருகே பெரியப்பட்டில் போட்ட சாயப் பூங்காத் திட்டத்தின் பின்னால் இருந்தது. உப்பு மட்டும் என்றால் கடல் தாங்கும். ஆனால் நிறம், சிஓடி (நீரில் ஆக்சிஜனைத் தின்னும் அழுக்கு), கன உலோகம், ஆல்கைல்ஃபீனால் என்ற சோப்பு ரசாயனம் இவற்றைக் கடலுக்குள் குழாய் போட்டு விட்டுவிடக் கூடாது. சிப்காட்டைச் சுற்றி மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்த கிராமங்களும், வலையில் மீன் குறைந்த மீனவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கழிவை அவர்கள் மேல் தள்ளி டி-ஷர்ட்டில் ₹5 குறைத்தால் அதைப் போட்டித்திறன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் கையில் இருப்பது, சாயம் ஏற்றக் கொடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. 1:5 விகிதத்தில் ஓடும் மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். அதே கறுப்புக்கு உப்பு 400 கிராமாகக் குறையும், ஆவியாக்கும் தண்ணீரும் குறையும். அடர் நிறத்துக்கும் வெளிர் நிறத்துக்கும் ஒரே விலை சொல்லாதீர்கள். கறுப்பில் நஷ்டம் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

ஐரோப்பிய வேதியியல் விதிகளில் மூன்றை மனப்பாடமாக வையுங்கள். தடைசெய்த அமைன் (புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்) தரும் ஏசோ சாயம், ஒவ்வொரு அமைனுக்கும் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்குள். நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் 100 மில்லிகிராமுக்குள். இது சாயத்தில் இருந்து வருவதைவிட மலிவு வாஷிங் சோப்பிலிருந்தும் பிரின்டிங் பேஸ்ட்டிலிருந்தும்தான் வருகிறது. தோலில் படும் துணியில் ஃபார்மால்டிஹைடு 75-க்குள். ஷிப்மென்ட்டுக்கு முன் சோதித்து ஃபெயிலானால் செய்ய ஒன்றும் இருக்காது. லாட்டின் முதல் ரோலிலேயே சோதியுங்கள்.

குறிஞ்சிப்பாடிக் கைத்தறிக் கைலி நெய்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. சிங்கப்பூர், மலேசியச் சந்தையில் உங்களை அடிப்பது விசைத்தறிக் கைலி. விலையில் அதோடு மோத முடியாது, மோதவும் வேண்டாம். சாயம் விடாமை, கைத்தறி முத்திரை, நேராக வாங்கும் கடை, இந்த மூன்றில்தான் கூடுதல் விலை இருக்கிறது. முதல் துவைப்பில் சாயம் ஓடினால் மற்ற இரண்டும் வீண்.

நாட்கணக்கும் பணம்தான். 2023 கடைசியில் செங்கடல் பிரச்சினை தொடங்கியபின் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனை சுற்றிப் போயின. ஐரோப்பாவுக்கு 10 முதல் 14 நாள் கூடியது. ₹1 கோடிச் சரக்குக்கு 11 சதவீத வட்டியில் நாளுக்கு ₹3,000. பதினான்கு நாளுக்கு ₹42,000. இதைத் தாங்கலாம். கெடு தவறி விமானத்தில் ஏற்ற வேண்டி வந்தால் தாங்க முடியாது. ஆர்டரின் லாபம் மொத்தமும் அதில் போகும்.

இங்கே கெடு தவற வைப்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழை. கோடைக்கால ஆடைகளுக்கான தையல் உச்சம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நம் கரையில் புயல் உச்சமும் அதே மாதங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மூன்று மாதத்தில் விழும் ஷிப்மென்ட்டுக்கு எல்சியில் (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) கடைசித் தேதியை, தையல் முடியும் என்று நீங்கள் நினைக்கும் நாளிலிருந்து 12 நாளாவது தள்ளிக் கேளுங்கள். புயல் என்று வங்கி தேதியை நீட்டாது. திருத்தம் கேட்டால் பையர் தள்ளுபடி கேட்பார். துணி ரோலைத் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் பலகையில் அடுக்குங்கள். ஈரம் குறையாமல் பாலிபேக்கில் போட்ட டி-ஷர்ட் ஐந்து வாரம் கன்டெய்னரில் வெந்து, இறக்கும்போது கறுப்புப் புள்ளி பூத்துக் கிடக்கும். அயர்னிங் முடிந்ததும் உடனே பேக் செய்வதுதான் இதற்குக் காரணம். மழை மாதத்தில் ஆறவிட்டு, ஈரமானி வைத்துப் பார்த்து, அட்டைப் பெட்டிக்குள் சிலிகா ஜெல் போட்டு மூடுங்கள்.

அரசுத் திட்டங்கள் பற்றி: ஏற்றுமதி ஆடைக்கு, உள்ளே புதைந்திருக்கும் மாநில, மத்திய வரிகளைத் திருப்பித் தரும் ரோஸ்சிடிஎல், அதோடு உள்ளீட்டுப் பொருளின் சுங்கவரியைத் திருப்பித் தரும் டிராபேக். ரோஸ்சிடிஎல் மின்னணு ஸ்கிரிப்பாக (சுங்கவரி கட்டப் பயன்படும் சீட்டு) வருகிறது, விற்றால் கொஞ்சம் குறைத்துத்தான் வாங்குவார்கள். விகிதம் எவ்வளவு என்பது பையருக்கும் தெரியும், பேரத்தில் அதை முதலிலேயே கழித்துவிடுகிறார். மெஷினை வரியில்லாமல் இறக்க இபிசிஜி என்ற அனுமதி எடுத்தால் மிச்சமான வரியின் ஆறு மடங்கு ஏற்றுமதியை ஆறு வருடத்தில் காட்ட வேண்டும். ஆர்டர் உறுதியில்லாமல் அதில் இறங்க வேண்டாம். காட்டாவிட்டால் வரியும் வட்டியும் சேர்ந்து வரும்.

கடைசியாக, நீங்கள் நேரடி ஏற்றுமதியாளரா, திருப்பூர் அல்லது சென்னைக் கம்பெனிக்கு ஜாப் வொர்க் செய்கிறீர்களா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். ஜாப் வொர்க் என்றால் மேலே சொன்ன சலுகை எதுவும் உங்கள் கணக்கில் ஏறாது. ஆனால் வரி ஏறும்போது பீஸ் ரேட்டைக் குறைக்கச் சொல்லி முதல் போன் உங்களுக்குத்தான் வரும். குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு செய்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையைத் தராத வருடத்தில் வருமானவரிச் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் பணம் கேட்டு போன் செய்யும்போது இதைச் சொன்னால் போதும். பிறகு வருடத்தில் ஒரு சின்ன ஆர்டரையாவது, 2,000 பீஸ் ஆனாலும், உங்கள் சொந்த ஏற்றுமதிப் பதிவு எண்ணில் வரியில்லாத நாடு ஒன்றுக்கு அனுப்புங்கள். பெயின்ட் மார்க்கரில் பெட்டி எண் எழுதுவது முதல் ஷிப்பிங் பில் வரை உங்கள் ஆட்களே செய்யட்டும். அடுத்த முறை கம்பெனிக்காரர்கள் ரேட்டைக் குறைக்கச் சொன்னால், எஃப்ஓபி எவ்வளவு, வரி எவ்வளவு, தையலுக்கு எவ்வளவு என்று அவர்கள் முன்னாலேயே தாளில் போட்டுக் காட்டலாம்.